நார்ச்சத்தும் பெருங்குடலும்: குன்னூர் முதல் வேலூர் வரை

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி வடகரை, அச்சன்புதூர், பண்பொழி, செங்கோட்டை என வரிசையாக அமைந்த ஊர்கள் நெல்வயல்களால் சூழப்பட்டவை. மேக்கரையிலுள்ள அடவிநயினார் அணையின் நீர் இப்பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. நெல்லோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இத்தகைய ஊர்களில் நெல்லின் ஒவ்வொரு கூறுக்கும் தனிப்பெயர் உண்டு. மேல் ஓடு உமி. அதற்கு உள்ளே இருக்கும் மெல்லிய படலம் தவிடு. குத்தும்போது உடைந்தவை குருணையும் நொய்யும். உமி அடுப்புக்கும் சூளைக்கும் போகும். தவிடு மாட்டுக்குப் போகும். அரிசி மட்டும் பானைக்கு வரும்.

உரலில் உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து எடுத்த காலத்தில் இந்தப் பிரிவினை முழுமையாக நடந்ததில்லை. தவிட்டில் ஒரு பங்கு அரிசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் நெல் ஆலைகள் பரவியபின் அரிசி நன்றாகத் தீட்டப்பட்டு வெண்மையானது. செரிக்காத பகுதி, அதாவது நாம் ‘சக்கை’ என்று தள்ளுவது, உணவிலிருந்து பெருமளவு விலகியது.

உடலால் செரிக்க முடியாத ஒன்றை உண்பதால் உடலுக்கு என்ன பயன்? இக்கேள்விக்கு மருத்துவ உலகம் இரு வேறு காலங்களில் இரு வேறு விடைகளைச் சொன்னது. முதல் விடை, அது குடலைப் பெருக்கித் தள்ளும் துடைப்பம் என்பது. இரண்டாவது, அது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இடும் தீனி என்பது. முதல் விடையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் இரண்டு ஆய்வகங்களுக்குப் பங்கு உண்டு. குன்னூரில் உள்ளது வாயில்வரை வந்து நின்றது. வேலூரில் உள்ளது உள்ளே நுழைந்தது.

குன்னூர்

இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராபர்ட் மெக்காரிசன் (1878–1960) 1918 ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே 1928 இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958 இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இன்று இந்தியா முழுவதும் பயன்படுத்தும் உணவுச்சத்து அட்டவணைகளை வெளியிடும் நிறுவனம் நீலகிரியின் அந்த ஓர் அறையிலிருந்து வந்ததே.

மெக்காரிசன் குன்னூருக்கு வருமுன் வடமேற்கு எல்லையிலுள்ள கில்கித் பகுதியில் சில ஆண்டுகள் மருத்துவராக இருந்தவர். அங்குள்ள ஹுன்சா மக்களிடம் வயிற்றுப்புண், குடல்வால் அழற்சி, பெருங்குடல் அழற்சி போன்றவற்றைத் தாம் பார்த்ததே இல்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். அம்மக்களின் எளிய உணவே காரணம் என்பது அவர் கருத்து. அந்த வியப்போடுதான் அவர் குன்னூரில் விலங்குகளை வைத்துச் சோதனை செய்தார். சத்து நீக்கப்பட்ட உணவைத் தின்ற குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, குடற்சுவர் மெலிந்தது, பெருங்குடலில் அழற்சி கண்டது. உணவுக் குறை முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று குடல் என்று அவர் 1921 இல் வெளிவந்த தம் நூலிலும் அதே ஆண்டு அமெரிக்காவில் ஆற்றிய உரையிலும் வற்புறுத்தினார். தொற்றுக்கிருமியைத் தேடுவதிலேயே மருத்துவர்கள் முனைந்திருந்த காலத்தில் இது துணிச்சலான பேச்சு.

அவருடைய இன்னொரு சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. இந்த வரிசையை வைத்துக்கொண்டு தென்னிந்திய உணவே தாழ்ந்தது என்று சொல்வது பிழை. அந்த எலிகளுக்குக் கொடுத்தது வறுமையில் இருந்தவரின் தட்டு. கேழ்வரகும் கம்பும் கீரையும் சேர்ந்த தட்டு அன்று.

ஆனால் குன்னூர் ஆய்வகம் தேடியது வைட்டமின்களை. பெரிபெரிக்குக் காரணம் தயமின் குறைவு. தயமின் இருப்பது தவிட்டில். பச்சையாகத் தீட்டிய அரிசியை உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுவதே இதற்குக் காரணம். 1935 இல் மெக்காரிசனுக்குப் பின் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டும் அவரது குழுவினரும் அரிசிச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து 1940 இல் தனி நூலே வெளியிட்டனர்.

இது பெரிய வெற்றி. அதற்கு ஒரு விலையும் இருந்தது என்று தோன்றுகிறது. தவிட்டின் பெருமை முழுவதும் ஒரு வைட்டமினுக்குள் அடங்கிவிட்டது. வைட்டமினை மாத்திரையாகக் கொடுக்க முடியும் என்றானபின் தவிட்டில் மிஞ்சியிருந்தது வெறும் சக்கைதானே என்ற எண்ணம் நிலைத்தது.

அளவுகோல் கழுவிய நார்

அந்த எண்ணம் நிலைத்ததற்கு அளக்கும் முறையும் துணை போனது. உணவிலுள்ள நாரை அளக்க நெடுங்காலம் பயன்பட்டது 1860களில் ஜெர்மனியின் வீண்டே என்னும் ஊரில் மாட்டுத் தீவனத்துக்காக உருவான முறை. உணவுப்பொருளை நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைத்து, பிறகு நீர்த்த காரத்தில் கொதிக்க வைத்து, கடைசியில் கரையாமல் எஞ்சுவதிலிருந்து சாம்பலைக் கழித்தால் கிடைப்பது ‘கச்சா நார்’. மனிதக் குடலில் அமிலம் உண்டு என்றாலும் இப்படிக் கொதிக்கும் கொப்பரை ஏதும் இல்லை. குடலில் செரிக்காமல் தப்பும் பல பொருள்கள், குறிப்பாக நீரில் கரையும் நார்களும் செல்சுவரின் மென்மையான பகுதிகளும், இந்தக் கொதிப்பில் கரைந்து கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

விளைவை எண்களில் காணலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் கச்சா நார் 0.2 கிராம், கேழ்வரகில் 3.6 கிராம். செரிக்காத நார் முழுவதையும் கணக்கிடும் புதிய முறையில் அதே நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அட்டவணையில் தீட்டிய அரிசிக்கு 2.81 கிராம், கேழ்வரகுக்கு 11.18 கிராம். கேழ்வரகு மாறவில்லை. முன்பு மூன்றில் இரண்டு பங்கு நார் கொப்பரையில் கரைந்து போயிருந்தது. நுண்ணுயிர்கள் விரும்பி உண்ணும் பகுதியே அப்படிக் கரைந்துபோனது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பாடநூல்களையும் புதிய நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டால் குழம்புவதுண்டு.

துடைப்பக் கொள்கை

‘உணவு நார்’ என்ற சொல்லை 1953 இல் முதலில் பயன்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் எபன் ஹிப்ஸ்லி. ஆனால் அதை உலகறியச் செய்தவர்கள் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர்கள். அவர்களுக்கும் முன்னோடியாக டி. எல். கிளீவ் என்ற கடற்படை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது போர்க்கப்பலில் மாலுமிகளின் மலச்சிக்கலுக்கு அவர் மூட்டை மூட்டையாகக் கோதுமைத் தவிட்டை வரவழைத்துக் கொடுத்தார். கடலோடிகளுக்கு மாட்டுத்தீவனமா என்ற கேலியை அவர் பொருட்படுத்தவில்லை.

உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட் (1911–1993), அங்குள்ள கிராம மக்களிடம் குடல்வால் அழற்சி, பெருங்குடல் புற்று, மூலம் ஆகியவை அரிதாக இருப்பதைக் கண்டார். அவரும் அலெக் வாக்கர், நீல் பெயின்டர் ஆகியோரும் 1972 இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, நார் மிகுந்த உணவை உண்பவரின் மலம் எடை மிகுந்தது என்றும் குடலை விரைவில் கடந்துவிடுகிறது என்றும் காட்டியது. விரைவாகக் கடந்தால் நச்சுப்பொருள்கள் குடற்சுவரில் தங்கும் நேரம் குறையும். அதனால் நோயும் குறையும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டில் ஹியூ ட்ரோவல், மனித நொதிகளால் செரிக்கப்படாத தாவரச் செல்சுவர் எச்சமே உணவு நார் என்று வரையறுத்தார்.

எளிதில் மனத்தில் பதியும் கொள்கை இது. ஆகவே எதற்கெடுத்தாலும் நாரைக் காரணம் காட்டும் பழக்கமும் வந்தது. இந்தியாவில் ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்கோத்ரா 1960களில் ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் சிறுகுடற்புண் மிகுதி என்று காட்டினார். தவிடு நீங்கிய உணவே காரணம், எனவே நார்தான் காப்பு என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி தம் குழுவினருடன் விலங்குகளில் சோதித்தபோது காப்புத் தன்மை தவிட்டின் கொழுப்புப் பகுதியில் தெரிந்தது; நாரில் தெரியவில்லை. பிறகு 1982 இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்தபோது குடற்புண் வரலாறே வேறு திசையில் திரும்பியது.

வேலூர்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் வளர்த்தெடுத்த குடல்நோய் ஆய்வுப் பிரிவு, 1960களில் வட ஆர்க்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவிய வெப்பமண்டலக் குடல்நோயை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து பெயர் பெற்றது. வயிற்றுப்போக்கு அங்கே அன்றாட எதிரி. நோயாளி சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை இழந்து, கண் குழிந்து, நாடி தளர்ந்து வந்து சேர்வார். ஆகவே பெருங்குடலைப் பற்றிய கேள்வி அங்கே உயிர்க்கேள்வி.

உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் வாந்திபேதிக்கு மருந்தாகும் என்பது 1960களின் இறுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் உறுதியானது. 1971 இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலனபிஸ் அதைப் பெருமளவில் பயன்படுத்தி உயிர்களைக் காத்தார். சிறுகுடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உள்ளே செல்கின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. இக்கரைசல் இழந்த நீரை ஈடு செய்யும். ஆனால் போக்கின் அளவைக் குறைக்காது. குழந்தைக்குக் கரைசலைக் கொடுத்த பின்னும் போக்கு நிற்காததைக் கண்ட தாய் ‘இது வேலை செய்யவில்லை’ என்று அதைக் கைவிட்டு வேறு மருந்து தேடுவது இன்றும் நடக்கிறது.

இங்கே பெருங்குடல் மறக்கப்பட்டிருந்தது. சிறுகுடல் விட்டுவைத்த நீரில் நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டரை உறிஞ்சுவது பெருங்குடல். தேவை ஏற்பட்டால் 4 முதல் 5 லிட்டர் வரை உறிஞ்சும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றலுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? செரிக்காமல் வந்த நாரையும் மாவுப்பொருளையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் செல்கள் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசைவிடப் பியூட்டிரேட்டையே முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றன என்பதை டபிள்யூ. ரோடிகர் 1980களின் தொடக்கத்தில் காட்டியிருந்தார். இந்த அமிலங்கள் உள்ளே செல்லும்போது சோடியமும் நீரும் உடன் செல்கின்றன. காலரா நச்சு சோடியம் செல்லும் வழக்கமான வழியை அடைத்துவிட்டாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. முழு வரலாற்றின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது.

பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1993 இல் ‘கட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கடும் வயிற்றுப்போக்கில் பெருங்குடல் நீரை உறிஞ்சும் திறன் குன்றுகிறது என்றும், குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைச் செலுத்தினால் அத்திறன் மீள்கிறது என்றும் காட்டியது. அப்படியானால் அந்த அமிலங்களை ஊசியோ குழாயோ இல்லாமல் பெருங்குடலில் சேர்ப்பது எப்படி? நுண்ணுயிர்களிடமே செய்யச் சொல்லலாம். அவற்றுக்குத் தீனி போனால் போதும். சிறுகுடலின் அமைலேஸ் நொதிக்கு மசியாமல் பெருங்குடல்வரை போய்ச் சேரும் மாவுப்பொருள் ஒன்று இருப்பது கேம்பிரிட்ஜில் ஹான்ஸ் எங்லிஸ்ட் குழுவினரால் 1982 இல் பெயரிடப்பட்டிருந்தது. செரிமானத்தை எதிர்த்து நிற்பதால் அதற்கு ‘எதிர்ப்பு மாவுச்சத்து’ என்று பெயர். இழை இழையாக உரிக்கும் பனங்கிழங்கின் தும்பைப் போல இது கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஆனால் பெருங்குடலுக்கு இதுவும் நார்தான்.

வேலூர்க் குழு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோருடன் சேர்ந்து காலரா கண்ட 48 பேரை (வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும்) 16 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல். இரண்டாவதற்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்த கரைசல். மூன்றாவதற்கு லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்து, அதாவது அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள ஸ்டார்ச், சேர்த்த கரைசல். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாக 90.9 மணி நேரம் ஆனது; அரிசி மாவுக் குழுவுக்கு 70.8 மணி நேரம். எதிர்ப்பு மாவுச்சத்துக் குழுவுக்கு 56.7 மணி நேரம். போக்கின் எடையும் மூன்றாவது குழுவில் குறைந்தது. 2000 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ இதை வெளியிட்டது.

ஒன்றரை நாள் என்பது சிறிய வேறுபாடு அன்று. படுக்கையும் கவனிப்பவரும் போதாத மருத்துவமனையில் அது ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடைப்பட்ட தூரம்.

இதில் ஒரு தற்செயல் உண்டு. அதே இதழின் அதே தொகுதியில், ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. பெருங்குடலில் கட்டி நீக்கப்பட்டவர்களில் ஒரு சோதனை கோதுமைத் தவிடு கொடுத்துப் பார்த்தது. மற்றொன்று கொழுப்புக் குறைந்த, நாரும் காய்கனியும் மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டிலும் கட்டிகள் மீண்டும் தோன்றுவது குறையவில்லை. துடைப்பக் கொள்கைக்கு இது பலத்த அடி. சில ஆண்டுகள் மட்டுமே நடந்த சோதனை நீண்டகால நோயைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்ற எதிர்வாதமும் எழுந்தது. 2003 இல் பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, நார் மிகுதியாக உண்பவர்களிடம் பெருங்குடல் புற்று குறைவு என்று கண்டது. வழக்கு முடியவில்லை. ஆனால் நார் விரைந்து வெளியேறுவதைவிட அங்கே தங்கி என்னவாக மாறுகிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது.

வேலூர் ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. 48 பேர் சிறிய தொகை. பின்னர் குழந்தைகளிலும் (2006), உப்புச்செறிவு குறைக்கப்பட்ட புதிய கரைசலுடன் பெரியவர்களிலும் (2008) அக்குழுவினர் மீண்டும் சோதித்து நற்பலன் கண்டனர். என்றாலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் இன்றும் குளுக்கோசே இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பொட்டலமும் அதுவே. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உடனே கொடுக்க வேண்டியதும் அதுதான்.

அடுப்படியில்

டாக்காவில் ஜி. எச். ரப்பானி குழுவினர் 2001 இல், நாள்பட்ட வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் சேர்த்த உணவைக் கொடுத்து, அது போக்கைக் குறைப்பதைக் காட்டினர். வாழைக்காயில் எதிர்ப்பு மாவுச்சத்து மிகுதி. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடும். வாழைக்காய் ‘வயிற்றைக் கட்டும்’ என்ற நம் வீட்டுப் பேச்சுக்கு இப்படி ஓர் ஆய்வுச் சான்று கிடைத்தது.

பழைய சோற்றைப் பற்றி இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி இறுகி எதிர்ப்பு மாவுச்சத்தாகிறது என்பது உண்மை. நீர் ஊற்றி இரவு முழுவதும் வைக்கும்போது நொதித்தலும் நடக்கிறது. ஆனால் ஒரு கும்பா பழைய சோற்றில் உருவாகும் அளவு, வேலூரில் ஒவ்வொரு லிட்டரிலும் சேர்த்த 50 கிராமுக்கு அருகில்கூட வராது. பழைய சோறு நல்ல உணவு; அதை மருந்துக்கடையாக்கிப் பரப்பும் செய்திகளை நம்ப வேண்டியதில்லை.

பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் பரிந்துரைத்தது. மூன்று வேளையும் தீட்டிய அரிசியை மட்டும் நம்பினால் இந்த அளவை எட்ட முடியாது. 100 கிராம் கம்பில் 11.49 கிராமும் சோளத்தில் 10.22 கிராமும் உண்டு. தவிடு நீக்காத அரிசியில் 4.43 கிராம். பருப்பு, பயறு, கீரை, அவரை, கொத்தவரை சேரும்போதுதான் கணக்கு நிரம்பும். ஒரே வாரத்தில் நாரைக் கூட்டினால் வாயுவும் உப்புசமும் வரும். நுண்ணுயிர்க் கூட்டம் புதிய தீனிக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குடல் அடைப்போ குடல் அழற்சியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

வெள்ளைச் சோற்றை விட மனமில்லாதவர்களுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வேறொரு வழியில் முயன்றது. தீட்டிய பின்னும் நார் மிஞ்சும் நெல்வகை ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் ஆய்வு முடிவு 2016 இல் வெளியானது. 100 கிராம் சாதாரண வெள்ளை அரிசியில் 1.9 கிராம் நார் இருக்க, இதில் 8 கிராம் இருந்தது. எதிர்ப்பு மாவுச்சத்தும் பல மடங்கு கூடுதல். உண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் குறியீடு 79.2 இலிருந்து 61.3 ஆகக் குறைந்தது. நிறத்தில் அது வழக்கமான வெள்ளை அரிசியேதான்.